கல்யாணத்துக்குப் போன சஹன்கள்

"அதெல்லாம் இருக்கட்டும் அகரா, சஹன் எங்க?"

"போயிருக்கு."

"போயிருக்குன்னா? அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கு சுஹைனா. நாளைக்குக் காலையில வந்துரும். திருப்பித் தர்ற தேதி போட்டு, சீல் அடிச்சுத்தான் குடுத்தேன். நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிக்கிற?"

மூஞ்சியை வேறு எப்படி வைத்துக்கொள்வதாம்? காய்ச்சலில் படுத்துக் கிடந்துவிட்டு சுஹைனா அன்றைக்குத்தான் நூலகத்துக்கு வந்திருந்தாள். வந்ததும் அருங்காட்சியக அறைக்குள் நுழைந்தாள். கண்ணாடி அலமாரி துடைத்துவிட்ட மாதிரி காலி! மூடிப்போன இனிப்புக் கடையிலிருந்து வாங்கிய அலமாரி அது. எவ்வளவு கழுவியும் உள்ளே நெய் வாசம் போகவில்லை. அந்த நெய் வாசத்துக்கு நடுவில் அவள் ஒட்டிவைத்த விளக்கச் சீட்டுகள் மட்டும் அனாதையாக நின்றன. 'பித்தளைச் சஹன். பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது. தயவுசெய்து தொடாதீர்கள்.'

தொடுவதற்குத்தான் ஒன்றும் இல்லையே!

சஹன் என்றால், கல்யாண விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்களே, அந்தப் பெரிய தட்டு. இப்போதெல்லாம் எவர்சில்வரில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் இவை பத்ருன்னிசா மாமி வீட்டுச் சஹன்கள். மாமியின் பாட்டனாருக்குச் சொந்தமாகப் பாய்க்கப்பல் இருந்த காலத்தில் செய்து கொண்டுவந்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் பாய் விரித்த ஒரு சின்னக் கப்பல் செதுக்கியிருக்கும். இந்த அருங்காட்சியகத்தில் மற்றதெல்லாம் என்ன? பிரெஞ்சு எழுத்து போட்ட ஒரு தட்டச்சுப் பொறி, துருப்பிடித்த தெருப் பலகை, மண்டபத்தூர்க்காரர்கள் கொடுத்த வலை மிதவைகள், கோட்டுச்சேரியிலிருந்து அகரன் தூக்கிவந்த, நெல் அளக்கும் மரக்கால். வருகிறவர்கள் நின்று பார்ப்பது சஹன்களைத்தான்.

"யாருட்ட குடுத்த?"

"கைருன்னிஸா மாமிகிட்ட. அவங்க மக ஷிஃபாவுக்கு இன்னிக்குக் கல்யாணம்ல? தலத்தெருவுல, மண்டபத்துல."

"அவங்க கேட்டா குடுத்துருவியா? அது எக்சிபிட்டுடா!"

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'தம்பி, இது லைப்ரரிதானே, லைப்ரரின்னா குடுக்கிறதுதானே'ன்னாங்க. 'புத்தகம்தான் மாமி குடுப்போம்'னேன். வெளியில கூட்டிட்டுப் போயி போர்டைக் காட்டினாங்க. நீ எழுதுன போர்டுதான். 'இங்குள்ளதெல்லாம் ஊருக்குப் பொது.' அதுக்கு மேல நான் என்ன பேசறது? ஷிஃபா பேர்ல கார்டு இருக்கு. அதுலயே போட்டுக் குடுத்துட்டேன்."

"கார்டுலயா?"

"பின்ன, கார்டு இல்லாமலா குடுப்பாங்க? அதுல ஒரு சமையல் புக்கு வேற பாக்கி இருக்கு. கேட்டேன். 'கல்யாணம் முடியட்டும் தம்பி, இனிமேதான் அவளுக்கு அது வேணும்'னாங்க."

வேறு சமயமாக இருந்தால் சுஹைனா சிரித்திருப்பாள். இவனும் அவளும் காரைக்கால் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவளுக்கு ஊர்ச் சரித்திரப் பைத்தியம், அவனுக்குப் புத்தகப் பைத்தியம். இரண்டு பைத்தியமும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இது. முதலில் புத்தகங்கள் சுஹைனா வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குள் இருந்தன. ஒரு புயல் வந்தது. மறுநாள் தார்ப்பாயைப் பிரித்தபோது உள்ளே இருந்தது புத்தகமில்லை, கூழ். அந்தக் கூழை வாளியில் அள்ளிக் கொட்டியதை இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகுதான் சுஹைனா, பாரீஸில் மகனோடு இருக்கும் பத்ருன்னிசா மாமியின் எண்ணைத் தேடிப்பிடித்தாள். மாமியின் உம்மா இறந்தபின் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு இது. கூடத்தில் நூலகம், பக்கத்து அறையில் அருங்காட்சியகம். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் மாமி. கூடவே ஒரு நிபந்தனை.

"எங்க உம்மா வீட்டுச் சாமான் ஒண்ணுகூட வாசப்படியைத் தாண்டக் கூடாது. உம்மா இருந்தவரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தாங்க. அவங்க வபாத்தானதும் எவளும் எதையும் திருப்பிக் கொண்டுவரல. தேக்சா போச்சு, பன்னீர்ச் செம்பு போச்சு, எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கிறதைக் கண்ணாடிக்குள்ள வைக்கத்தான் உங்ககிட்ட தர்றேன். தாண்டுச்சுன்னா அன்னிக்கே பூட்டு."

பூட்டினால் புத்தகங்கள் மறுபடி மொட்டைமாடிக்கு. அடுத்த மழைக்காலம் வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"மாமி நாளைக்குத்தானே வர்றாங்க? அதுக்குள்ள வந்துரும்னுதான் குடுத்தேன்" என்றான் அகரன். அவன் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் ஃபயாஸ் போன் செய்தான். மாமியின் அண்ணன் மகன். இந்த வீட்டின் முன்பக்கத்தைச் செல்போன் கடையாக்கினால் எப்படியிருக்கும் என்று டேப் வைத்து அளந்துபார்த்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அளந்துவிட்டு ஒரு வாரப் பத்திரிகையையும் படித்துவிட்டுத்தான் போனான்.

"சுஹைனா, மாமி ஒருநாள் முன்னாடியே வந்துட்டாங்க. நான்தான் மெட்ராஸ்லேருந்து கூட்டிட்டு வந்தேன். குளிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. இன்னிக்கே வந்து பாக்கறாங்களாம். நொத்தேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க, பத்திரம் எழுதணும்னா எழுதறதுக்கு. யாரு பேர்ல எழுதறாங்கன்னு பாப்போம்!"

சுஹைனா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வண்டியில ஏறு."

"எல்லாத்தையும் ஸ்கூட்டர்லயா கொண்டு வர முடியும்?"

"முடியாதுன்னா தலையில தூக்கிட்டு நட. ஏறுடா!"

தலத்தெரு மண்டபத்துக்கு முன்னால் செருப்புகள் சாலைவரை கிடந்தன. ஆண்கள் பக்கம் பந்தி ஆரம்பித்திருந்தது. பெண்கள் பக்கத்துக்குள் அகரன் வர முடியாது. அவனைச் சமையல்கட்டுப் பக்கம் விரட்டிவிட்டு சுஹைனா உள்ளே ஓடினாள். வாசலிலேயே கைருன்னிஸா மாமி பிடித்துக்கொண்டார். சரசரவென்று பட்டு, கழுத்து நிறைய நகை, முகம் நிறைய வியர்வை.

"வா புள்ள! காய்ச்சல்னாங்களே, தேவலையா? அதுக்காக இப்படியா கல்யாணத்துக்கு வர்றது, ஒட்டடை அடிக்கப் போற மாதிரி?"

"மாமி, சஹன்..."

"பாத்தியா? எப்படிப் பளபளன்னு இருக்கு! புளியும் சாம்பலும் போட்டு நாலு பேரு உக்காந்து தேச்சோம். உள்பக்கம் ஈயமும் பூசியாச்சு. நீ என்ன, அப்படியே கறுத்துப்போய் வச்சிருந்த?"

"அந்தக் கறுப்புதான் மாமி அதோட வயசு! அதைத் தேய்க்கவே கூடாது!"

"வயசை ஏன் புள்ள வெளிய காட்டணும்? நான் காட்டுறேனா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சுஹைனாவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"மாமி, பத்ரு மாமி ஊருக்கு வந்துட்டாங்க. நூலகத்துக்கு வர்றாங்களாம். சஹன் இல்லன்னு தெரிஞ்சா பூட்டிருவாங்க. சோறு போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குடுத்துருங்க மாமி. நான் ஓடிப்போய் வாடகைச் சஹன் பாக்கறேன்."

"வாடகைச் சஹன் இந்த மாசம் ஊர்ல எங்கயும் கிடையாது. கிடைச்சிருந்தா நான் ஏன் உங்கிட்ட வர்றேன்? அதுவும் இல்லாம, எங்க உம்மா கல்யாணம் அந்தச் சஹன்ல. என் கல்யாணம் அந்தச் சஹன்ல. ஷிஃபாவுக்கு மட்டும் எவர்சில்வரா?" மாமி குரலைத் தணித்தார். "சோறு போட்டாச்சு புள்ள. அப்புறம், பத்ரு லாத்தா நூலகத்துக்கெல்லாம் போகல. அங்க பாரு."

கூடத்தின் நடுவில், ஜமுக்காளத்தில், பத்ருன்னிசா மாமி உட்கார்ந்திருந்தார். சுஹைனா வீடியோ காலில் மட்டும் பார்த்திருந்த முகம். வெள்ளைப் பூப்போட்ட சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி. சுற்றிலும் மூன்று பெண்கள். நடுவில் குவித்த நெய்ச்சோறு, மேலே கறி, ஓரத்தில் தால்ச்சா.

"நான்தான் ஃபயாஸ் நம்பர்ல போன் போட்டேன். வெளிநாட்டுலேருந்து வந்தவங்களைக் கூப்பிடாம இருக்க முடியுமா?"

"அவங்களுக்குத் தெரியுமா? அது அவங்க சஹன்தான்னு?"

"அவங்க கேக்கல, நான் சொல்லல. சோத்தைப் போட்டு மூடிட்டா எல்லாச் சஹனும் ஒண்ணுதான்."

அது உண்மைதான். சோறு இருக்கும்வரை அடியிலுள்ள கப்பல் தெரியாது. ஆனால் சஹனில் ஒரு பருக்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திரிக்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை. வழித்துச் சாப்பிட வேண்டும். வழித்தால் கப்பல் வெளியே வந்தே தீரும்!

சுஹைனா செய்தது என்ன தெரியுமா? பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து சோற்றுப் பேசினைப் பிடுங்கினாள். கல்யாண வீட்டில் வேலை செய்கிறேன் என்று யார் வந்தாலும் தடுப்பதற்கு ஆளில்லை. அகரனுக்கு ஒரு கையால் செய்தி அனுப்பினாள்: 'சோறு. நிறைய சோறு. பொம்பளைங்க பக்கம் உடனே அனுப்பு.'

'பசிக்குதா?' என்று பதில் வந்தது.

அவள் நேராகப் போய் பத்ருன்னிசா மாமியின் சஹனில் ஒரு பெரிய குத்துச் சோற்றைக் கவிழ்த்தாள்.

"போதும் புள்ள, போதும்" என்றார் மாமி. "எங்க டாக்டர் சோத்தைப் பாத்தாலே திட்டுவான்."

"இன்னிக்கு ஒருநாள்தானே மாமி."

"அட, போடு புள்ள!" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஷரீபுன்னிசா. கனத்த உடம்பு, தாராளமான கை. "லாத்தாவுக்கு வேணாம்னா இருக்கட்டும், இந்தப் பக்கம் தள்ளு."

சுஹைனா தள்ளினாள். ஷரீபுன்னிசா சாப்பிடுகிற வேகத்துக்கு ஈடுகொடுப்பது சாதாரண வேலையாக இல்லை. ஒரு பேசின் தீர்ந்தது. இன்னொன்று வந்தது. மாமி ஒரு கவளம் எடுப்பதற்குள் சுஹைனா இரண்டு கரண்டி போட்டாள். நடுவில் சோறு குன்று மாதிரி நின்றது. அதே சஹனில், மாமிக்கு இடப்பக்கம், மண்டபத்தூர் காசியம்மா. கைருன்னிஸா வீட்டுக்கு வருஷக்கணக்காக மீன் கொடுப்பவர், கல்யாணத்துக்கு ஊரோடு வந்திருந்தார். அவர் சுஹைனாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ பொண்ணு வூட்டா, மாப்புள்ள வூட்டா? எங்களைச் சாவடிக்கணும்னு யாரும் சொல்லி வுட்டாங்களா?"

"நல்லா சாப்பிடணும்ல அத்தை."

"சாப்பிடுறோம்மா. மூச்சு வுட்டுட்டுச் சாப்பிடுறோம்."

பத்ருன்னிசா மாமி இப்போது கண்ணாடிக்கு மேலாக சுஹைனாவைப் பார்த்தார். "உன்னை எங்கயோ பாத்திருக்கேனே?"

சுஹைனா தலைத்துணியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கை பாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஒரு சஹனைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் ஒரு விஷயத்தை அவள் மறந்தே போனாள். கூடம் முழுக்க அதே சஹன்கள்தானே இருந்தன?

ஜன்னலோரமாக ஒரு குரல் எழும்பியது. "கப்பல் வந்துருச்சு!"

சுஹைனா திரும்பினாள். வயதான ஒரு பெண் வழித்த சஹனை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வட்டத்திலிருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "கப்பல் வந்துருச்சு! எங்களுக்குத்தான் மொதல்ல வந்துச்சு!"

"எங்களுக்கும் வரப்போவுது, இருங்க!" என்று சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. அங்கே கைகள் வேகமெடுத்தன. மூலையில் இன்னொரு வட்டம். "வந்துருச்சு! இங்கயும் வந்துருச்சு!" பெரியவர்களுக்கு இது பழக்கம் என்று தெரிந்தது. இளையவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் போட்டி என்றால் விடுவார்களா? கூடமே கப்பலைத் தேடிச் சாப்பிட ஆரம்பித்தது. சிரிப்பும் கூச்சலும் தாங்கவில்லை. மணமேடையிலிருந்து ஷிஃபாகூட எட்டிப் பார்த்தாள்.

சஹனைப் பற்றி சுஹைனா எவ்வளவோ தேடியிருந்தாள். எடை, அகலம், உலோகம், வந்த துறைமுகம். முதலில் வழித்தவர்கள் இப்படிக் கத்துவார்கள் என்பது அவளுடைய ஒரு சீட்டிலும் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த சஹன் அதை அவளிடம் எப்படிச் சொல்லியிருக்கும்? ஒரு நொடி அவளுக்குப் பயம்கூட மறந்துபோயிற்று. எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கை போனைத் தேடியது.

பத்ருன்னிசா மாமியின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றிருந்தது. பிறகு அவர் மெதுவாக, நடுவிலிருந்த குன்றை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். நெய்யில் பளபளத்துக்கொண்டு கப்பல் வந்தது.

"இது எங்க உம்மாவோடது" என்றார்.

அந்த வட்டத்தில் சத்தம் நின்றது. பக்கத்து வட்டத்திலும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடம் முழுக்க.

"கைருன்னிஸா! இது எப்படி இங்க வந்துச்சு?"

"லைப்ரரியில எடுத்தேன் லாத்தா" என்றார் கைருன்னிஸா மாமி, உப்பு கடன் வாங்கியதைச் சொல்வது மாதிரி. "நாளைக்குக் குடுத்துரணும். தேதி போட்டிருக்கு."

மாமியின் கண் சுஹைனாவிடம் வந்தது. இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. அகரன்மேல் போட்டுவிடலாம். நான் காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் நிஜம். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

"நாங்கதான் மாமி குடுத்தோம். தப்புதான்."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னு."

"தாண்டிருச்சுல்ல?" மாமி இடக்கையால் போனை எடுத்தார். "ஃபயாஸ், வீட்டுக்குப் பூட்டு வாங்கி வச்சிருக்கேன்னியே, எடுத்துட்டு வா."

கைருன்னிஸா மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "லாத்தா, கல்யாண வீட்டுல..."

"உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? எங்க உம்மா போனப்ப நான் வந்து பாக்கறேன், வீடு பாதி காலி. இந்தத் தெருவுல யாருக்குத்தான் குடுக்கல அவங்க? ஒருத்தராவது திருப்பிக் கொண்டுவந்தீங்களா? அந்தப் பெரிய தேக்சா, ஊருக்கே பிரியாணி ஆக்குனது, அதைக்கூடத் தூக்கிட்டீங்க. அதான் நான் யார் மூஞ்சியிலயும் முழிக்காமப் போனேன்."

காசியம்மா கையிலிருந்த கவளத்தைச் சஹனிலேயே வைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தேக்சா எங்க வூட்டுலதான் கெடக்கு."

"என்னது?"

"எங்க கோயில்ல கஞ்சி ஊத்தறதுக்கு உங்கம்மாதான் குடுத்தாங்க. கஞ்சி ஊத்தி முடிக்கறதுக்குள்ள அவங்க தவறிட்டாங்க. எழவு வூட்டுக்கு வந்து சட்டியைக் குடுக்கவா முடியும்? பொறுத்துக் கொண்டாந்தா வீடு பூட்டிக் கெடக்கு. மறுபடி வந்தேன், அப்பவும் பூட்டு. வாசல்ல வச்சுட்டுப் போனா பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்ல? எங்க வூட்டுல பாதி எடத்தை அதுதான் அடைச்சுக்கிட்டிருக்கு அக்கா. எம்மருமவ தெனம் அதுல இடிச்சிக்கிட்டு என்னத் திட்டுறா."

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"நம்பரு யாருக்குத் தெரியும்? நீங்கதான் யாருட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம பிளேன் ஏறிட்டீங்களே."

மாமி போனைக் கீழே வைத்தார்.

"பன்னீர்ச் செம்பு எங்க பீரோவுல இருக்கு லாத்தா" என்றார் ஷரீபுன்னிசா. இந்தக் களேபரத்திலும் சாப்பாட்டை நிறுத்தாத ஒரே ஆள் அவர்தான். "எம்மவ நஜீபா கல்யாணத்துக்கு உங்க உம்மா கையால வாங்குனது. இப்ப அவளுக்கே புள்ள பொறந்தாச்சு. யாருட்ட குடுக்கறதுன்னு தெரியாம துணி சுத்தி வச்சிருக்கேன்."

ஜன்னலோரப் பெண் கையைத் தூக்கினார். அவர் வீட்டில் தொட்டில் கட்டை இருந்தது. இன்னொருவர் வீட்டில் இடியாப்பத் தட்டுகள் இருந்தன. சொல்லச் சொல்ல மற்றவர்களுக்கும் ஞாபகம் வந்தது. திருடிக்கொண்டு போனதாக மாமி இத்தனை வருஷம் மனத்துக்குள் எழுதிவைத்திருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"அப்ப வாங்கிக்க ஆள் இல்ல லாத்தா, கதவுல பூட்டு" என்றார் கைருன்னிஸா மாமி. "இப்ப கதவு திறந்திருக்கு. உள்ள ஒரு தம்பி உக்காந்திருக்கான். குடுத்தா வாங்கிக்கிறான், சீல்கூட அடிக்கிறான். இதுக்குப் போயி பூட்டு கேக்கறீங்களே?"

அதே நேரத்தில் வாசல் திரைக்கு வெளியே ஃபயாஸின் குரல். "மாமி, பூட்டு கொண்டாந்துட்டேன்! சஹன் எல்லாம் வெளிய வந்துருச்சாமே? நான் அப்பவே சொன்னேன்ல, இவங்களை நம்பக் கூடாதுன்னு?"

திரைக்கு அந்தப் பக்கமே அகரனும் நின்றிருப்பான் போல. "அது உன் வண்டியிலதான்டா வந்துச்சு" என்றான்.

"என் வண்டியிலயா?"

"முந்தாநாள் சாக்குமூட்டை ஏத்திட்டு வந்தியே, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நெனச்ச?"

"வாடகைப் பாத்திரம்னு சொன்னாங்க!"

முதலில் சிரித்தது காசியம்மா. பிறகு ஷரீபுன்னிசா. பிறகு, உதட்டை இறுக்கிக்கொண்டே தோள் குலுங்கி, பத்ருன்னிசா மாமி.

"பூட்டை வெளியவே வை" என்றார் திரையைப் பார்த்து. பிறகு சுஹைனாவைப் பார்த்தார். "நீ என்ன நின்னுக்கிட்டே இருக்க? மலை மாதிரி கொட்டுனது நீதானே? உக்காரு. முடிக்காம எந்திரிக்கக் கூடாது."

சுஹைனா உட்கார்ந்து கையை வைத்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சாப்பிட்ட முதல் முழுச் சாப்பாடு அது.

சாயங்காலம் நூலகத்தில் உட்காரக்கூட இடமில்லை. மண்டபத்தூரிலிருந்து குட்டியானை வண்டியில் தேக்சா வந்தது. வாசலில் நுழையவில்லை. சாய்த்து, உருட்டி, கதவைக் கழற்றலாமா என்று பேசி, கடைசியில் ஃபயாஸ்தான் டேப்பை எடுத்து அளந்து வழி சொன்னான். பன்னீர்ச் செம்பு வந்தது, தொட்டில் கட்டை வந்தது. அகரன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் 'திருப்பித் தரப்பட்டது' என்று சீல் அடித்துக்கொண்டிருந்தான். "இத்தனை வருஷத்துக்கும் ஃபைன் போட்டா நூலகத்துக்கு மாடியே கட்டிறலாம்" என்றான். காசியம்மா அவன் தலையில் ஒரு தட்டு வைத்தார்.

பத்ருன்னிசா மாமி, படிக்க வந்த பிள்ளைகளோடு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நொத்தேர் வந்தபோது, வீடு நூலகத்துக்கே இருக்கட்டும், கெடு ஒன்றும் போட வேண்டாம் என்று எழுதச் சொன்னார். சுஹைனா உள்ளறைக்குப் போய், புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்று, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் சஹன்கள் திரும்பி வந்தன. எல்லாமே வந்துவிட்டன. ஒன்றின் விளிம்பு மட்டும் நசுங்கியிருந்தது.

"பாத்தியா?" என்றார் மாமி. "இதுக்குத்தான் சொன்னேன். இன்னும் நாலு கல்யாணத்துக்குப் போனா கப்பலே அழிஞ்சிரும்."

"ஆமா மாமி. இனிமே கண்ணாடிக்குள்ளயே பூட்டி வச்சிருவோம்" என்றாள் சுஹைனா.

"பூட்டி வச்சா? அப்புறம் கப்பல் வந்துருச்சுன்னு யாரு கத்துவா, நீ எழுதி ஒட்டியிருக்கியே, அந்தச் சீட்டா?"

"அப்ப குடுக்கலாங்கறீங்களா?"

"குடுக்கலாம்னு நான் எப்ப சொன்னேன்?"

கடைசியில் மாமி, தன்னால் முடிவு செய்ய முடியாது, ஊர் சொல்லட்டும் என்று பாரீஸுக்குப் பிளேன் ஏறிவிட்டார். இந்த முறை எல்லாருக்கும் நம்பர் கொடுத்துவிட்டு. இப்போது நூலக வாசலில் இரண்டு கண்ணாடிச் சாடிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கூடை நிறைய கடற்கரைக் கிளிஞ்சல். ஒரு சாடியில் 'அலமாரி' என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் 'கல்யாணம்'. வருகிறவர்கள் ஆளுக்கொரு கிளிஞ்சலைப் போட வேண்டும். சுஹைனா ஒருநாள் அலமாரிக்குப் போடுகிறாள், மறுநாள் மனம் மாறி அதை எடுத்துக் கல்யாணத்துக்குப் போடுகிறாள். அது செல்லாது என்று அகரன் சண்டை பிடிக்கிறான். ஷரீபுன்னிசா தினமும் வந்து கல்யாணத்துக்கே போட்டுவிட்டுப் போகிறார், அதையும் செல்லாது என்று சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. இரண்டு சாடியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. நசுங்கினாலும் பரவாயில்லை என்கிறவர்களும் சரியாகத்தான் பேசுகிறார்கள், இன்னும் பிறக்காத பிள்ளைகளும் அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டாமா என்கிறவர்களும் சரியாகத்தான் பேசுகிறார்கள். நீங்கள் அந்த வாசலில் நின்றால் உங்கள் கிளிஞ்சலை எந்தச் சாடியில் போடுவீர்கள்? ஏன்?